காட்டு வழிக்கு எந்தக் கருவி? வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மலைகளில் நடைபயணம் செல்வது பற்றிய ஐயங்களை அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வழி தவறாமல் இருக்க எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதையே சுற்றி வருகின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒருவர் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பாலக்கோடு வாசகர்: நாங்கள் நண்பர்கள் நால்வர் விடுமுறை நாட்களில் மலையேறத் தொடங்கியிருக்கிறோம். எல்லோரிடமும் நல்ல ஸ்மார்ட்போன் இருக்கிறது. கையடக்க ஜி.பி.எஸ். கருவி வாங்கலாம் என்கிறார் ஒருவர், ஜி.பி.எஸ். உள்ள கைக்கடிகாரம் போதும் என்கிறார் இன்னொருவர். தாள் வரைபடம், திசைகாட்டி என்று நான் பேச்செடுத்தால் மூவரும் சிரிக்கிறார்கள். பணத்தை எதில் போடுவது?

பதில்: முதலில் கையில் இருக்கும் போனை ஒழுங்காகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். இன்றைய ஸ்மார்ட்போன், வானம் மறைவில்லாமல் தெரியும் இடத்தில், நீங்கள் நிற்கும் இடத்தை ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடும். மலையில் நடப்பவருக்கு அதற்கு மேல் துல்லியம் தேவைப்படுவதில்லை. முதல் கருவி என்ற வகையில் போனுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நான்கு பேரிடம் நான்கு போன் இருப்பதால் நான்கு துணை இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. நால்வரும் ஒரே செயலியை, ஒரே வரைபடத்தை வைத்திருந்தால், அதில் ஓர் ஒற்றையடிப் பாதை தவறாக வரையப்பட்டிருக்கும்போது நால்வரின் திரையிலும் அதே தவறுதான் தெரியும். சித்திரை வெயிலில் மொட்டைப் பாறை மேல் ஒரு போன் சூடேறி அணைந்தால் மற்றவையும் அதே நிலைக்கு வர வெகுநேரம் ஆகாது. மழையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை பணிய மறுப்பதும் எல்லாப் போன்களுக்கும் பொது. ஆகவே இரண்டாவது கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் கருவியைச் செயலிழக்கச் செய்யும் காரணம் எதுவோ அது இதையும் பாதிக்குமா என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும். மின்சாரமே வேண்டாத தாள் வரைபடமும் திசைகாட்டியும் அந்தக் கேள்விக்கு நேராக விடை சொல்கின்றன. சிரிக்கும் மூவரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கையடக்க ஜி.பி.எஸ். கருவி கெட்டியானது, பொத்தான்கள் உள்ளதால் ஈரக் கையாலும் இயக்கலாம், வெயிலில் திரை தெளிவாகத் தெரியும், சில வகைகளில் பெட்டிக்கடையில் கிடைக்கும் பேட்டரியையே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஆயினும் ஆண்டுக்குச் சில முறை ஒருநாள் பயணம் போகிறவர்களுக்கு அந்தச் செலவு அவசியமில்லை என்பது என் கருத்து. கைக்கடிகாரம் வந்த தடத்தைப் பதிவுசெய்து, அதே தடத்தில் திரும்பி வர உதவும். அந்தச் சிறு திரையில் அடுத்த பள்ளத்தாக்கு எப்படி வளைகிறது, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்க இயலாது. உடற்பயிற்சிக்காக ஏற்கெனவே வாங்கியிருந்தால் கட்டிக்கொண்டு வாருங்கள். இதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம். நால்வருக்கும் பொதுவாக ஒரு நல்ல பவர் பேங்க், அச்சிட்ட வரைபடம் இரண்டு படி, தரமான திசைகாட்டி இரண்டு: என் கணக்கில் பணம் போக வேண்டிய இடம் இவைதான்.

திசைகாட்டியில் எது தரமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அடித்தட்டு, அதன் ஓரத்தில் சென்டிமீட்டர் அளவுகோல், 0 முதல் 360 பாகை வரை குறித்த சுழலும் வளையம், திரவம் நிரப்பிய அறைக்குள் ஊசி: இந்த அமைப்புள்ளதை வாங்குங்கள். சாவிக்கொத்தில் தொங்குவதும், கத்தியின் பிடியில் பதித்து வருவதும் விளையாட்டுச் சாமான்கள். இன்னொன்றை வாங்குபவர்கள் கவனிப்பதில்லை. பூமியின் காந்தவிசைக் கோடுகள் ஐரோப்பாவில் தரையை நோக்கிச் செங்குத்தாகச் சரிந்திருப்பதால், அங்கு விற்கும் திசைகாட்டிகளில் ஊசியைச் சமன்செய்ய அதன் தென்முனையைச் சற்றுக் கனமாக்கியிருப்பார்கள். நமக்கோ காந்த நடுக்கோடு அருகில் இருக்கிறது. அது நாட்டின் தென்முனைப் பகுதி வழியாகச் செல்வதால்தான் 1963ஆம் ஆண்டு நம் மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே விசைக்கோடுகள் ஏறக்குறையத் தரைமட்டமாகச் செல்கின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த திசைகாட்டியின் தென்முனை கீழே சரிந்து அடித்தளத்தில் உரசுவதற்கு இதுவே காரணம். எல்லா மண்டலங்களுக்கும் ஏற்ற ஊசி கொண்டவை தனியே விற்கின்றன; கடையிலேயே தட்டையாகப் பிடித்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, ஊசி எங்கும் தட்டாமல் மிதக்கிறதா என்று பாருங்கள். பார்க்கும்போது சட்டைப் பையில் இருக்கும் போனை நண்பரிடம் கொடுத்துவிடுங்கள்.

அரூர் வாசகர்: தீர்த்தமலையில் ஏறியபோது என் திசைகாட்டி ஓரிடத்தில் காட்டிய வடக்கும், சில அடி தள்ளி வைத்தபோது காட்டிய வடக்கும் வேறாக இருந்தன. புதிதாக வாங்கியது. பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: கடைக்காரரைக் குறை சொல்லுமுன் மலையைச் சந்தேகியுங்கள். பழைய சேலம் மாவட்டத்தின் இரும்புத் தாதுப் பகுதிகளை நிலவியலாளர்கள் வகைப்படுத்தியபோது கஞ்சமலை, கோதுமலை ஆகியவற்றோடு தீர்த்தமலையையும் ஒரு தொகுதியாகக் குறித்திருக்கிறார்கள். அங்கே உள்ள தாது மாக்னடைட். அது இயல்பாகவே காந்தத் தன்மை கொண்டது. அத்தகைய பாறை அடுக்கின் மேல் நின்று ஊசியைப் பார்த்தால் அது புவியின் வடக்கையும் காலடிப் பாறையையும் சேர்த்தே காட்டும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நீங்கள் ஓரிடத்தில் நின்று, ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி நிற்கும் நண்பரின் திசைக்கோணத்தை, அதாவது வடக்கிலிருந்து அவர் எத்தனை பாகையில் இருக்கிறார் என்பதை, அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் நின்ற இடத்துக்குச் சென்று, முதலில் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்து அளந்திடுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே சரியாக 180 பாகை வித்தியாசம் இருக்க வேண்டும். முதலில் 70 என்றால் திரும்பிப் பார்க்கையில் 250. இரண்டு மூன்று பாகை கூடக் குறைய இருந்தால் அது கையின் நடுக்கம். பத்து, பதினைந்து பாகை பிசகினால் இரண்டில் ஏதோ ஓரிடத்தில் உள்ளூர்க் காந்த ஈர்ப்பு இருக்கிறது என்று பொருள். அப்போது மூன்றாவதாக ஓரிடத்துக்கு நகர்ந்து மறுபடியும் அளந்தால் எந்த இடம் பொய் சொல்கிறது என்பது தெரிந்துவிடும். தீர்த்தகிரீஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியில் பக்தர்கள் நடமாட்டம் இருப்பதால் யாரும் தொலைந்துபோவதில்லை. எனவே இந்தப் பழக்கத்தைக் கைவரச் செய்துகொள்ள அதைவிட நல்ல இடமும் இல்லை.

போனில் உள்ள டிஜிட்டல் திசைகாட்டியும் காந்தப்புலத்தை அளக்கும் உணரியால்தான் இயங்குகிறது. அதனால் அதுவும் அங்கே தடுமாறும். போனை எட்டுப் போல் காற்றில் சுழற்றிச் சீர்செய்வது போனுக்குள் இருக்கும் காந்தக் கோளாறைத்தான் நீக்கும், பாறையை ஒன்றும் செய்யாது. ஜி.பி.எஸ்.ஸுக்குக் காந்தத்தோடு தொடர்பில்லை. நூறடி நேராக நடந்தால் நடந்த திசையை அது சரியாகவே காட்டும். காந்த மூடி வைத்த போன் உறை, இயர்போன் பெட்டி, இரும்புக் கைப்பிடி, பைக்கின் பெட்ரோல் டேங்க் ஆகியவையும் ஊசியை இழுக்கும் என்பதால், பாறையைப் பழிக்குமுன் இவற்றிலிருந்தும் விலகி நின்று பார்த்துவிடுவது நல்லது.

ஊசி காட்டும் காந்த வடக்குக்கும் வரைபடத்தின் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் கழிக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம் பகுதியில் அது மேற்குப் பக்கமாக இரண்டு பாகைக்கும் குறைவு. ஒன்றரைப் பாகை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோமீட்டர் நடந்த பின் ஏற்படும் விலகல் 26 மீட்டர்தான். நியூசிலாந்து போன்ற இடங்களில் அது இருபது பாகையளவு இருப்பதால்தான் வெளிநாட்டுக் காணொளிகளில் அதைப் பற்றி அவ்வளவு நேரம் பேசுகிறார்கள்.

ஓசூர் வாசகர்: டவர் கிடைக்காத இடத்தில் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்கிறார்களே?

பதில்: வேலை செய்யும். ஜி.பி.எஸ். என்பது செயற்கைக்கோள்கள் அனுப்பும் சைகையைக் கேட்பது மட்டுமே. போன் எதையும் திருப்பி அனுப்புவதில்லை, டவரும் தேவையில்லை. டவர் இல்லாதபோது இரண்டு வேறுபாடுகள் தெரியும். முதலாவது, செயற்கைக்கோள்களின் பாதை விவரத்தை இணையம் வழியாக உடனே பெற முடியாததால், முதல் முறை இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். நடக்கத் தொடங்கும் இடத்திலேயே திறந்த வெளியில் போனை அசைக்காமல் வைத்து, இடம் கிடைத்த பிறகு கிளம்பினால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவைக்காவிட்டால் வெற்றுத் திரையின் நடுவில் ஒரு நீலப் புள்ளி மட்டுமே இருக்கும்.

இறக்கிவிட்டோம் என்று நம்பி வந்து காட்டில் ஏமாறுகிறவர்கள் அதிகம். வீட்டிலேயே ஏரோப்பிளேன் மோடில் போட்டு, போகவிருக்கும் பகுதியை விரல்களால் பெரிதாக்கிப் பாருங்கள்; ஓடைகளும், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளும் தெரிந்தால்தான் இறங்கியதாகக் கணக்கு. கூகுள் மேப்ஸ் சாலைக்கு நல்லது, காட்டுத் தடங்களுக்கு அவ்வளவாக உதவாது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவைக் கொண்டு இயங்கும் ஓஸ்ம்அண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் ஒற்றையடிப் பாதைகளும் இருக்கும். அவற்றை வரைந்தவர்கள் தன்னார்வலர்கள். சில பாதைகளை நடந்து பார்த்து வரைந்திருப்பார்கள், சிலவற்றைச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து மட்டும் வரைந்திருப்பார்கள். மேலகிரி மலைகளில் மேலிருந்து பார்த்தால் அகலமான பாதையாகத் தெரிவது யானைத் தடமாகவும் இருக்கலாம்.

நடக்கும்போதும் ஏரோப்பிளேன் மோடிலேயே வைத்திருங்கள். பள்ளத்துக்குள் டவரைத் தேடித் தேடித்தான் பெரும்பாலான போன்களின் சார்ஜ் தீர்கிறது. 10,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருக்கும் பவர் பேங்க், மின்னழுத்தத்தை மாற்றும்போது ஏற்படும் இழப்பு போக, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் போனுக்குத் தரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தேன்கனிக்கோட்டை வாசகி, பள்ளி ஆசிரியை: மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு நில அளவைத் துறையின் வரைபடத்தை வைத்து வழி கண்டுபிடிக்கக் கற்றுத்தர விரும்புகிறேன். எங்கள் பகுதிக்கு எந்த வரைபடம், அதை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: மனம் நிறைந்து பதில் எழுத வைத்த கடிதம் உங்களுடையது. 1767இல் தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறை வெளியிடும் 1:50,000 அளவுத் தாள்களே உங்களுக்கு வேண்டியவை. தாளில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். பழைய எண் முறையில் தேன்கனிக்கோட்டை 57எச்/14 தாளிலும், ஒகேனக்கல் 57எச்/16 தாளிலும் வரும். தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்கள் 57எல் தொகுதியைச் சேர்ந்தவை. பொதுமக்கள் பயன்பாட்டுக்கான புதிய வரிசைத் தாள்களைத் துறையின் இணையதளத்தில் பதிவுசெய்து பெறலாம். அவற்றின் எண் முறை வேறு.

பழைய தாள் கையில் கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. அது எவரெஸ்ட் என்ற பழைய புவி வடிவக் கணக்கின்படி வரையப்பட்டது. உங்கள் போன் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற கணக்கைப் பின்பற்றுகிறது. போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே பழைய தாளில் குறித்தால் புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். ஓடைக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்ற கேள்விக்கு அந்த நூறு மீட்டர் தவறான விடையைக் கொடுத்துவிடும்.

நம் இரு மாவட்டங்களுக்கே உரிய சிக்கல் இன்னொன்று உண்டு; வேறு பகுதியினருக்காக எழுதப்பட்ட கையேடுகளில் இது இருக்காது. யு.டி.எம். என்னும் கட்ட முறையில் உலகை 6 பாகை அகலமுள்ள மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 43ஆம் மண்டலம் முடிந்து 44 தொடங்கும் 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை நேராக நம் நடுவில் ஓடுகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் ஆகியவை ஒரு பக்கம். கிருஷ்ணகிரி, பாலக்கோடு, தருமபுரி, அரூர் ஆகியவை மறுபக்கம். அந்தக் கோட்டைத் தாண்டி ஓரடி எடுத்து வைத்தால் திரையில் மீட்டரில் காட்டும் கிழக்கு அளவு ஏறத்தாழ 8,26,000இலிருந்து 1,74,000க்குக் குதிக்கும். பென்னாகரத்தில் நிற்கும் ஒருவர் மண்டல எண்ணைச் சொல்லாமல் எண்களை மட்டும் தருமபுரியில் இருப்பவருக்குச் சொன்னால், அவர் வேறெங்கோ ஓரிடத்தைத் தேடுவார். மாணவர்களுக்கு இந்த வேடிக்கையைக் காட்டலாம். ஆனால் களத்தில் இடத்தைச் சொல்லிக்கொள்ளத் தசம அட்சரேகை, தீர்க்கரேகையையே பயன்படுத்தச் சொல்லுங்கள். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை சொன்னாலே பத்துப் பதினொரு மீட்டருக்குள் வந்துவிடும்.

வரைபடத்தைப் படிக்கக் கற்றுத்தரும்போது பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகளில் நேரம் செலவிடுங்கள். இந்தத் தாள்களில் அவை பொதுவாக 20 மீட்டர் இடைவெளியில் இருக்கும். கோடுகள் வளைந்து கூராகும் முனை மேட்டை நோக்கியிருந்தால் அங்கே பள்ளமோ ஓடையோ இருக்கிறது. தாழ்வை நோக்கியிருந்தால் அது மலையின் நீட்சி. பெட்டமுகிலாளம் பக்கத்துச் சரிவு ஒன்றை எடுத்துக்கொண்டு, தாளில் தெரியும் நீட்சிகளையும் பள்ளங்களையும் பிள்ளைகளே எண்ணி, பிறகு எதிர்மேட்டில் நின்று கண்ணால் எண்ணிப் பார்க்கட்டும். அந்த ஒரு பயிற்சி பத்து வகுப்புகளுக்குச் சமம். 20 மீட்டர் இடைவெளி என்பதால், 15 மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறை எந்தக் கோட்டிலும் சிக்காமல் தாளில் சமதளம் போலவே கிடக்கக்கூடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கிருஷ்ணகிரிக் கரடுகளில் இது சாதாரணம். நீலக்கோடு நீருள்ள ஓடை, கருங்கோடு வறண்டு கிடக்கும் ஓடை. நீலமாக இருந்தாலும் அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு எத்தனையோ கோடைகள் போயிருக்கின்றன என்பதால் தண்ணீர்ப் புட்டியைக் குறைக்க வேண்டாம். தாளில் உள்ள பாதை உண்ணிச்செடிப் புதர் மண்டி மறைந்திருப்பதும் உண்டு.

ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி எடுப்பீர்களானால், 1:50,000 என்று எழுதியிருக்கும் எண் பொய்யாகிவிடும். தாளின் அடியில் உள்ள கோட்டு அளவுகோல் மட்டும் படத்தோடு சேர்ந்து பெரிதாகி உண்மையாகவே இருக்கும். ஆகவே அந்தக் கோட்டையும் சேர்த்துப் படி எடுக்கச் சொல்லுங்கள்.

முதல் களப்பயிற்சிக்குக் காடு வேண்டாம். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை போதும். மேலேறியதும் வரைபடத்தை விரித்து, திசைகாட்டியின் ஓரத்தைத் தாளின் வடக்கு–தெற்குக் கோட்டோடு பொருத்தி, ஊசி அந்தக் கோட்டுக்கு இணையாகும் வரை தாளையே திருப்புங்கள். இப்போது தாளும் தரையும் ஒரே திசையில் இருக்கின்றன. தெற்குப் பக்கம் தெரியும் கிருஷ்ணகிரி அணையின் ஒரு முனையையும், வேறு திசையில் அடையாளம் தெரிந்த ஒரு குன்றையும் குறிவைத்துத் திசைக்கோணங்களை எடுத்து, அவற்றிலிருந்து பின்னோக்கித் தாளில் கோடு வரையச் செய்யுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் கோட்டையின் மேல் விழுந்தால் பிள்ளைகள் தாங்களாகவே கைதட்டுவார்கள். விழாவிட்டால், ஏன் விழவில்லை என்று தேடுவதும் பாடமே.

பென்னாகரம் வாசகர்: நண்பர் ஒருவர் காட்டு வழியாகக் காவிரிக் கரை வரை நடந்த தடத்தைப் பதிவுக் கோப்பாக அனுப்பியிருக்கிறார். அதைப் போனில் ஏற்றி அப்படியே பின்தொடரலாமா?

பதில்: அந்தக் கோப்பில் தடம் இருக்கிறது, அனுமதி இல்லை. காவிரிக் கரைக் காடுகளில் பெரும்பகுதி 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள்ளும், 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்குச் சரணாலயத்துக்குள்ளும் வருகிறது. எஞ்சியவற்றிலும் காப்புக்காடுகள் நிறைய உண்டு. முன் அனுமதி இல்லாமல் உள்ளே போவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, மாநிலம் முழுவதும் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்திருக்கிறார்கள்; இணையத்தில் பதிவுசெய்தால் உள்ளூர் வழிகாட்டியும் உடன் வருவார். வேறு பாதை வேண்டுமானால் உரிய வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

அனுமதி பெற்ற பாதைக்குத் தடக்கோப்பு கிடைத்தால், அதற்கு இரண்டு குறைகள் உண்டு என்று நினைவில் வையுங்கள். நண்பர் வழி தவறி அலைந்து திரும்பியதும் அதில் வழியாகவே பதிவாகியிருக்கும். அவர் மாசியில் கால் நனையாமல் கடந்த ஓடை ஐப்பசியில் இடுப்பளவு ஓடும். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால் ஒகேனக்கல்லில் காவிரி உயர்வது உங்களுக்குத் தெரியாததல்ல. முதல்நாளே தடத்தை நில வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்து, ஓடை கடக்கும் இடம், கணவாய், பாதை பிரியும் இடம் ஆகியவற்றைத் தனித்தனியே குறியிட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது கோட்டை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, ஒவ்வொரு குறியிலும் நின்று கண்முன் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது பயனுள்ளது. இடம் தெரிந்திருக்கும்போதே சரிபார்க்கிறவருக்குத்தான் தவறும்போது எங்கிருந்து தவறினோம் என்பது தெரியும்.

கிருஷ்ணகிரி வாசகர்: அமெரிக்காவிலிருந்து வந்த மைத்துனர் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றைப் பரிசளித்தார். மலைக்குக் கொண்டு போகலாமா?

பதில்: கூடாது. செயற்கைக்கோளோடு இருவழித் தொடர்பு கொள்ளும் போன்களையும் செய்திக் கருவிகளையும் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதற்கே நம் நாட்டில் தடை இருக்கிறது. விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். சைகையைப் பெற மட்டும் செய்யும் சாதாரண ஜி.பி.எஸ். கருவிக்கு இந்தத் தடை இல்லை. மைத்துனர் திரும்பும்போது கொடுத்தனுப்புவதற்கும் முன்பாக, விமான நிலைய விதியைக் கேட்டுத் தெளிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

அஞ்செட்டி வாசகர்: எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எந்தக் கருவியும் இல்லாமல் இரவிலும் காட்டுக்குள் போய் வருகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் போதாதா?

பதில்: ஆள் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக் கூட்டம் நேற்று எந்தப் பக்கம் இறங்கியது என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. உங்கள் ஊர்க்காரர் சொல்வார். அதற்காகக் கருவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்து நடப்பது சரியல்ல. அவருக்கே கால் பிசகினால் உதவிக்கு ஓட வேண்டியவர் கூட வந்தவர்தான். அவரோடு நடக்கும்போதே தாளில் குறித்துக்கொண்டு வரட்டும். உங்கள் பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்குவதால் ஒரே ஓடைக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் இருக்கும், தாளில் அச்சான பெயர் இன்னொன்றாக இருக்கும். ஆகையால் உள்ளூர்ப் பெயரைக் கேட்டு அச்சுப் பெயரின் பக்கத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. ஆபத்து நேரத்தில் தேடி வருகிறவர்களுக்குப் புரியப்போவது அந்த உள்ளூர்ப் பெயர்தான்.

தருமபுரி வாசகி: என் மகன் நண்பர்களோடு மலையேறப் போகிறான். தடுத்தால் கேட்கமாட்டான். வழி தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குச் சொல்ல ஏதாவது எழுதுங்கள்.

பதில்: ஐயம் வந்த இடத்திலேயே நிற்கச் சொல்லுங்கள் அம்மா. கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எவ்வளவு நேரம் எந்தத் திசையில் நடந்தோம் என்று எல்லோரும் சேர்ந்து கணக்கிட வேண்டும்; வந்த தடம் தெரிந்தால் அந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வரும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். இந்த மலைகளின் ஓடைகள் திடீரென்று பாறை விளிம்பில் முடியும், தண்ணீர் உள்ள இடத்துக்கு யானையும் வரும்.

சாலையை நோக்கித் திசைகாட்டியைப் பிடித்து நடக்க நேர்ந்தால், வண்டி நிற்கும் இடத்தையே குறிவைக்கக் கூடாது. ஐந்து பாகை பிசகினாலே இரண்டு கிலோமீட்டரில் 175 மீட்டர் விலகிவிடும். சாலையை எட்டிய பின் வண்டி இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும். வேண்டுமென்றே பத்துப் பாகை இடப்பக்கம் ஒதுங்கிக் குறிவைத்தால், சாலை வந்ததும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது ஐயமில்லாமல் தெரியும். மேட்டில் ஏறினால் டவர் கிடைக்கக்கூடும். அவசர உதவி எண் 112க்கு அழைப்பு கிடைக்காவிட்டாலும், குறுஞ்செய்தி குறைந்த சைகையிலும் போய்ச் சேரும் என்பதால், அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதி உங்களுக்கு அனுப்பட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. அவன் கிளம்பும் முன் ஒரு தாளில் போகும் பாதை, உடன் வருகிறவர்களின் எண்கள், வண்டி நிறுத்தும் இடம், வனச்சரக அலுவலகத் தொலைபேசி எண், மாலை எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால் நீங்கள் அழைக்கலாம் என்ற நேரம் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை அவனே தீர்மானிக்கட்டும்; கடந்துவிட்டால் தயங்காமல் அழையுங்கள்.

ஊத்தங்கரை வாசகர்: பழைய பொருள் கடையில் பித்தளைப் பெட்டியில் பட்டகம் வைத்த நில அளவைத் திசைகாட்டி ஒன்று கிடைத்தது. இதையே மலைக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: துல்லியமான கருவிதான், ஆனால் மலையேறுபவரை மனத்தில் வைத்துச் செய்ததல்ல. பட்டகத்தின் வழியாகத் தென்முனையில் எண்ணைப் படிக்க வேண்டியிருப்பதால், 0 தெற்கிலும் 180 வடக்கிலும் இருக்கும், எண்களும் தலைகீழாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அதை அறியாமல் வட்டத்தின் மேல் நேராகப் பார்த்துப் படித்தால் நேர் எதிர்த்திசையில் நடப்பீர்கள். இராணுவத்துக்காகச் செய்ததென்றால் வட்டம் 360 பாகைக்குப் பதில் 6400 மில் என்று பிரிக்கப்பட்டிருக்கலாம். ஒளி ஊடுருவும் அடித்தட்டு இல்லாததால் வரைபடத்தின் மேல் வைத்துக் கோடு பிடிக்கத் தனியாகக் கோணமானி வேண்டும். இருட்டில் ஒளிர்வதற்காகப் பழைய இராணுவத் திசைகாட்டிகளில் ரேடியம் கலந்த வண்ணம் பூசுவது வழக்கமாக இருந்தது. ஒளிரும் தன்மை போய்விட்டாலும் கதிரியக்கம் போகாது; ஆகவே அத்தகைய பூச்சு இருப்பதாகத் தோன்றினால் கண்ணாடியைத் திறக்கவோ உள்ளே சுரண்டவோ வேண்டாம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.